தி ரயில்வே மென்

1984 போபால் விஷவாயுப் பேரழிவின்போது ரயில் நிலையப் பணியாளர்கள் ஆற்றிய மீட்புப் பணியைச் சொல்லும் இந்தி வலைத்தொடர். நான்கு பகுதிகள். யஷ் ராஜ் நிறுவனத்தின் தயாரிப்பில், ஷிவ் ரவைல் இயக்கத்தில், 2023 நவம்பர் 18 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. கே கே மேனன், மாதவன், திவ்யேந்து, பாபில் கான் ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்தனர்.

டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆலைக்குச் சற்றுத் தொலைவில்தான் ரயில் நிலையம். அங்கே துணை நிலையக் கண்காணிப்பாளராக இருந்த குலாம் தஸ்தகீர், பயணிகள் நிறைந்த கோரக்பூர் விரைவு ரயிலை மேலிட உத்தரவுக்குக் காத்திராமல், நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பினார். பக்கத்து நிலையங்களையும் எச்சரித்தார். மேனன் ஏற்ற இஃப்தெகார் சித்திகி பாத்திரம் இவரைத் தழுவியது. மேனன் இதே துயரத்தை வைத்து 1999இல் வந்த 'போபால் எக்ஸ்பிரஸ்' படத்திலும் நடித்தவர்.

நிலைய நடைமேடைக் காட்சிகளே தொடரின் வலிமை. காவலர் வேடமிட்ட கொள்ளைக்காரன் கதை கற்பனைச் சரக்கு; உண்மையின் கனத்தை அது குறைக்கிறது. ஆலையில் பணியாற்றியவர்களின் நெடுங்கால எச்சரிக்கைகளுக்கும் இன்னும் இடம் தந்திருக்கலாம்.

தஸ்தகீர் 2003இல் காலமானார். பேரழிவு நடந்த இரவிலேயே பணியின்போது உயிர்நீத்தவர்களுக்காகப் போபால் நிலையத்தில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் இல்லை.