மரபுப் பாணிக் கணினிப் பாத்திரமேற்பு ஆட்டங்கள்: மீட்சியும் மொழித் தடையும்

கணினிப் பாத்திரமேற்பு ஆட்டம் என்பது, ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் வேடத்தை ஏற்று, உரையாடியும் முடிவெடுத்தும் போரிட்டும் ஒரு நெடுங்கதையை நடத்திச் செல்லும் ஆட்ட வகையாகும். வீடியோ கேம் என்று பொதுவாக வழங்கும் ஆட்டங்களுள் மிகுதியான வாசிப்பைக் கோருவது இவ்வகை. மேலிருந்து பார்க்கும் காட்சி, நான்கைந்து பேர் கொண்ட குழு, பகடை எண்களால் முடிவாகும் போர், பக்கம் பக்கமாக எழுதப்பட்ட உரையாடல் ஆகியவை இதன் மரபுப் பாணிக்குரிய அடையாளங்கள். 1990களின் இறுதியில் செழித்து, 2000களில் ஏறத்தாழ மறைந்து, 2012க்குப் பின் மீண்ட இப்பாணி, 2023இல் உலகின் முதன்மையான ஆட்ட விருதுகளை வென்றது. இது பொதுநீரோட்டத்தில் கலந்துவிட்டதா என்னும் வினா அதன்பின் பரவலாக எழுந்தது. அவ்வினாவை உலக வரலாற்றின் வழியாகவும், விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் நிலையிலிருந்தும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேடமேற்றலும் பகடையும்

வேடமேற்று நெடுங்கதையை நடத்தும் வழக்கம் விழுப்புரம் மாவட்டத்திற்குப் புதியதன்று. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களின்போது பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவு முழுவதும் தெருக்கூத்தும் நடைபெறுகின்றன. சூது, துகிலுரிதல், அருச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் என்று கதை பல இரவுகள் நீண்டு, படுகளத்திலும் தீமிதியிலும் நிறைவடையும். செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதி வழிபாட்டின் முதன்மைத் தலமாக மதிக்கப்படுகிறது.

மேலை நாட்டுப் பாத்திரமேற்பு ஆட்டம் வேறொரு வழியில் பிறந்தது. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டத்தை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரர், மந்திரவாதி, திருடர் முதலிய வேடங்களை ஏற்பர். ஒவ்வொரு வேடத்திற்கும் வலிமை, அறிவு போன்ற திறன்கள் எண்களாகக் குறிக்கப்பட்டன. ஒரு செயல் வெற்றி பெறுமா என்பதைப் பகடை முடிவு செய்தது. கூத்தில் கதையின் முடிவு அவையோருக்கு முன்பே தெரியும். இந்த ஆட்டத்திலோ ஆடுபவரின் தெரிவும் பகடையும் சேர்ந்து முடிவை உருவாக்குகின்றன.

கணினிக்கு வந்த வரலாறு

மேசை ஆட்டம் வெளியான ஓரிரு ஆண்டுகளுக்குள் மாணவர்கள் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தனர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' என்னும் கல்விக் கணினி அமைப்பில் 1975 அளவில் இத்தகைய ஆட்டங்கள் தோன்றின. 1981இல் ரிச்சர்ட் காரியட்டின் 'அல்டிமா', ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகியோரின் 'விசார்ட்ரி' ஆகிய இரண்டும் வீட்டுக் கணினிகளுக்கு வந்தன. இவற்றின் தாக்கத்தால் ஜப்பானில் 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' உருவானது. அங்கிருந்து ஜப்பானியப் பாணி தனிக் கிளையாக வளர்ந்தது.

மேலைப் பாணியின் செழிப்புக் காலம் 1997 முதல் சில ஆண்டுகள். இன்டர்பிளே நிறுவனத்தின் 'ஃபால்அவுட்' 1997இலும், கனடாவின் பயோவேர் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட்' 1998 டிசம்பரிலும் வெளியாயின. 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' ஆட்டத்தின் உரை சுமார் 8 இலட்சம் சொற்கள் கொண்டது. இது பல நாவல்களின் அளவு. தன் பெயரையே மறந்துபோன சாகாத மனிதன் ஒருவன் தன்னைத் தேடும் கதை அது. அதில் வாளைவிட உரையாடலே ஆடுபவரை முன்னே கொண்டு செல்லும்.

தளர்ச்சி

2000களில் இப்பாணி தளர்ந்ததற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் கருவிகளே பெரும் சந்தையாக மாறின. தொலைவில் அமர்ந்து கைப்பிடியால் ஆடுபவருக்குச் சிறிய எழுத்துகளும் நுணுக்கமான பட்டியல்களும் ஒத்துவரவில்லை. இரண்டாவது, முப்பரிமாணக் காட்சிக்கான செலவு பெருகியது. மூன்றாவது, எல்லா உரையாடலுக்கும் குரல் கொடுக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு வளர்ந்தது. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நடிகருக்கு ஊதியம் தர வேண்டியிருந்ததால் உரையின் அளவு சுருங்கியது.

'ஃபால்அவுட்' வரிசையைக் கவனித்துவந்த பிளாக் ஐல் பிரிவை இன்டர்பிளே 2003 டிசம்பரில் மூடியது. உரிமை வேறு நிறுவனத்திற்குச் சென்றபின், 2008இல் வெளியான 'ஃபால்அவுட் 3' வீரனின் கண்வழியே பார்க்கும் முப்பரிமாண ஆட்டமாக மாறியிருந்தது. பாத்திரமேற்பு ஆட்டங்கள் அக்காலத்திலும் விற்றன. மரபுப் பாணிக்கு முதலீடு செய்யத்தான் வெளியீட்டாளர்கள் முன்வரவில்லை.

ஆடுபவர்களே முதலிட்ட மீட்சி

2012இல் நிலை மாறியது. 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் கூட்டு நிதித் தளத்தில், 1988இல் வெளியான 'வேஸ்ட்லேண்ட்' ஆட்டத்தின் இரண்டாம் பாகத்திற்கு 60,000 பேருக்கு மேல் சேர்ந்து சுமார் 29 இலட்சம் டாலர் அளித்தனர். அதே ஆண்டில் அப்சிடியன் நிறுவனத்தின் 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' ஆட்டத்திற்கு 70,000 பேருக்கு மேல் சேர்ந்து ஏறத்தாழ 40 இலட்சம் டாலர் தந்தனர். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2013இல் இதே வழியில் நிதி திரட்டி, 2014இல் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' ஆட்டத்தை வெளியிட்டது.

எஸ்தோனியாவைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய 'டிஸ்கோ எலிசியம்' 2019இல் வந்தது. இதில் போர் முறையே இல்லை. ஒரு துப்பறிவாளரின் மனப் போராட்டம் உரையாகவே விரிகிறது. மொத்த உரை பத்து இலட்சம் சொற்களைத் தாண்டுகிறது. அவ்வாண்டின் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் அது நான்கு விருதுகளைப் பெற்றது.

பால்டர்ஸ் கேட் 3

லேரியன் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரில் முன்னோட்டமாகவும், 2023 ஆகஸ்ட் 3 அன்று முழுமையாகவும் வெளியானது. அம்மாதத்தில் 'ஸ்டீம்' தளத்தில் ஒரே நேரத்தில் 8,75,000 பேர் இதை ஆடினர். டிசம்பரில் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகவும், 2024 ஏப்ரலில் பிரித்தானியத் திரைப்படக் கழகமான பாஃப்டாவின் சிறந்த ஆட்டமாகவும் தேர்வு பெற்றது.

இவ்வெற்றியைப் பாணியின் வெற்றியாக மட்டும் கொள்ள இயலாது. முறைவைத்துப் போரிடுதல், பகடை, எண்ணற்ற தெரிவுகள் ஆகியவை மரபுக்குரியவை. ஒவ்வொரு உரையாடலையும் நடிகரின் முகத்துடனும் குரலுடனும் திரைப்படம்போலக் காட்டுவது பெரும் முதலீட்டால் வந்தது. நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்த ஆட்டம் இது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' போன்ற தொடர்களால் மேசை ஆட்டம் முன்பே புகழ் பெற்றிருந்ததும் துணைசெய்தது. மறுபுறம், பழைய தோற்றத்தையே பேணிய 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' இரண்டாம் பாகம் 2018இல் வெளியானபோது அதன் விற்பனை தொடக்கத்தில் எதிர்பார்ப்பை எட்டவில்லை.

ஆகவே ஒரு பேராட்டம் பொதுநீரோட்டத்தில் இடம்பெற்றது. அதன் பாணியைச் சேர்ந்த மற்றவை நடுத்தர அளவிலான, நிலையான வாசகர் வட்டத்தைப் பெற்றன என்பதே பொருத்தமான மதிப்பீடு. 2003க்குப் பிந்தைய நிலையோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய மாற்றம்.

போலந்தின் எடுத்துக்காட்டு

பொதுநீரோட்டம் என்பது எந்த மொழியினருக்கு என்ற துணை வினாவும் உண்டு. இதற்குப் போலந்தின் வரலாறு நல்ல விடை தருகிறது. 1994இல் வார்சாவில் தொடங்கிய சிடி புரொஜெக்ட் அப்போது வெளிநாட்டு ஆட்டங்களை விற்கும் சிறு நிறுவனம். கள்ளப்படிகள் மலிந்த சந்தையில், அது 1999இல் 'பால்டர்ஸ் கேட்' ஆட்டத்தைப் போலந்து மொழிக்குப் பெயர்த்து, புகழ்பெற்ற போலந்து நடிகர்களைக் கொண்டு குரல் கொடுக்கச் செய்தது. தாய்மொழியில் கிடைத்த ஆட்டத்தை மக்கள் காசு கொடுத்து வாங்கினர். அந்த அனுபவத்தின் மேல் நின்று, அதே நிறுவனம் போலந்து எழுத்தாளர் ஆந்திரேய் சப்கோவ்ஸ்கியின் கதைகளைத் தழுவி 2007இல் 'தி விட்சர்' ஆட்டத்தை உருவாக்கியது. அதற்கு அடிப்படையாக அமைந்தது பயோவேரின் மென்பொருளே. போலந்தின் மக்கள்தொகை 4 கோடிக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி.

இந்தியாவிலும் தமிழர்களிடையிலும்

இந்தியாவில் இப்பாணிக்கு நெருங்கிய முயற்சியாகப் போபாலைச் சேர்ந்த பைரோடாக்டில் நிறுவனத்தின் 'அன்ரெஸ்ட்' அமைந்தது. 2013இல் கூட்டு நிதி பெற்று 2014இல் வெளியான இது, பண்டைய இந்தியாவை ஒத்த கற்பனை நகரில் நிகழ்கிறது. பஞ்சமும் சாதி வேற்றுமையும் நிலவும் அந்நகரில் பலதரப்பட்ட மனிதர்களின் வேடங்களை ஆடுபவர் மாறிமாறி ஏற்கிறார். போர் அரிதாகவே வரும். புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி' தொன்மக் கதையைக் கொண்ட சாகச ஆட்டம்.

தமிழர் வாழ்வைப் பேசிய 'வெண்பா' 2023 ஜூலையில் டொரன்டோவின் விசை கேம்ஸ் வழியாக வெளியானது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி முதலிய சமையல் வழியாகச் சொல்லும் சிறிய ஆட்டம் இது. பாத்திரமேற்பு வகையைச் சேர்ந்ததன்று. எனினும் 'பால்டர்ஸ் கேட் 3' சிறந்த ஆட்டமாகத் தேர்வான அதே பாஃப்டா விழாவில், சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருது 'வெண்பா'வுக்குக் கிடைத்தது. தமிழ்க் கதைக்கு உலக அரங்கில் இடமுண்டு என்பதை இது காட்டியது.

விழுப்புரம், திண்டிவனம் நிலை

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் கருவியும் விலையும் மொழியும் தடைகளாக நின்றன. முதல் தடை பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பலரின் வீட்டுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. 'பால்டர்ஸ் கேட் 3'க்கு வட்டில் 150 ஜிபி இடம் வேண்டும். அது அக்கணினிகளுக்கு எட்டாதது. 1990களின் ஆட்டங்களுக்கோ அவை போதுமானவை. 2016க்குப் பின் மலிவான இணையத்துடன் திறன்பேசி எங்கும் பரவியது. முதல் 'பால்டர்ஸ் கேட்' 2014 முதலே ஆண்ட்ராய்டு பேசியிலும் கிடைக்கிறது. பழைய ஆட்டங்கள் தள்ளுபடிக் காலங்களில் குறைந்த விலைக்கு விற்கப்படுவதால் இரண்டாம் தடையும் ஓரளவு குறைந்தது.

ஆயினும் திறன்பேசியில் பரவியவை 'பப்ஜி' போன்ற துப்பாக்கி ஆட்டங்களே. அவற்றை ஆட ஒரு வாக்கியமும் படிக்கத் தேவையில்லை. பத்து இலட்சம் ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஆட்டம், தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு விளையாட்டாக இராது, பாடமாகிவிடும். 'பால்டர்ஸ் கேட் 3' துருக்கி, உக்ரைன், போலந்து, கொரிய மொழிகள் உட்படப் பல மொழிகளில் வெளியானது. தமிழோ வேறு எந்த இந்திய மொழியோ அப்பட்டியலில் இல்லை. மூன்றாம் தடை அப்படியே நிற்கிறது.

இத்தடை எவ்வாறு நீங்கும் என்பதற்கு இவ்வட்டாரமே சான்று வைத்திருக்கிறது. வடமொழிப் பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார், இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிகளை உள்ளடக்கிய திருமுனைப்பாடி நாட்டின் சனியூரில் பிறந்தவர். அந்நாட்டு வக்கபாகையின் தலைவன் வரபதியாட்கொண்டான் அவரை ஆதரித்தான். இன்றும் கோயில்களில் பாரதச் சொற்பொழிவாளர்கள் அவருடைய நூலையே விரித்துரைக்கின்றனர். அருச்சுனனும் திரௌபதியும் ஊரார் ஏற்று நடிக்கும் வேடங்களானதில் தமிழில் கிடைத்த கதைக்குப் பெரும் பங்குண்டு.

கணினித் துறையிலும் தொடக்கங்கள் உள்ளன. 'பயர்பாக்ஸ்', 'லிப்ரெ ஆபிஸ்' முதலிய மென்பொருள்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியுள்ளனர். விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்னும் கட்டற்ற மென்பொருள் குழு மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. 2003இல் தொடங்கிய 'பேட்டில் ஃபார் வெஸ்னோத்' போன்ற கட்டற்ற ஆட்டங்களின் உரைக் கோப்புகளை எவரும் மொழிபெயர்க்கலாம். பல மொழித் தன்னார்வலர்கள் அவ்வாறு செய்தும் வருகின்றனர். போர்த்தந்திர ஆட்டமான அதில் வீரர்கள் அனுபவம் பெற்று வளரும் பாத்திரமேற்புக் கூறும் உண்டு. நிறுவனங்களின் அனுமதிக்குக் காத்திராமல் தமிழில் இவ்வகையை முயன்று பார்க்க இத்தகைய ஆட்டங்கள் ஏற்றவை.

மதிப்பீடு

மரபுப் பாணிப் பாத்திரமேற்பு ஆட்டங்கள் ஆங்கிலம் முதலிய பெருமொழிகளின் சந்தையில் மறைவிலிருந்து மீண்டு, நிலையான இடம் பெற்றுவிட்டன. ஒரே ஆட்டத்தின் பெரும் புகழை முழு வகையின் புகழாகக் கொள்வது மிகையாகும். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இவ்வகை இன்னும் அறிமுக நிலையிலேயே உள்ளது. அதற்கு முதன்மைக் காரணம் மொழி. போலந்தில் ஓர் ஆட்டத்தின் மொழிபெயர்ப்புக்கும் அந்நாட்டின் சொந்த ஆட்டத்திற்கும் இடைப்பட்ட காலம் எட்டு ஆண்டுகள். தமிழில் அத்தகைய முதல் மொழிபெயர்ப்பு வரும்போதுதான் இவ்வினா தமிழ் மாணவருக்கும் பொருளுடையதாகும்.