கசியவிட்டதும் அவர்கள், சாட்சி காட்டியதும் அவர்கள்

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அணுகுண்டு செய்ய ஈராக் அலுமினியக் குழாய்கள் வாங்கப் பார்க்கிறது என்று நியூயோர்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் செய்தி. உளவுத்துறை இரகசியம்; சொன்னவர்கள் பெயர் போடாத புஷ் அரசின் அதிகாரிகள்.

அன்றே உப ஜனாதிபதி டிக் செனி தொலைக்காட்சியில் வந்தார். இன்றைய பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே என்று அதையே ஆதாரமாக்கினார். கெட்டிக்காரத்தனம்தான்!

அவை சாதாரண ரொக்கெட்டுக்கான குழாய்கள் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்கள நிபுணர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதுவும் இரகசியம்தான். ஆனால் அந்த இரகசியம் அன்று கசியவில்லை.

நாங்கள் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். 2003 மார்ச்சில் பக்தாத் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈராக்கின் அணுத்திட்டம் 1991இலேயே முடிந்துவிட்டது என்று அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே அறிக்கை தந்தது, 2004இல்.