நரம்பணுக்களின் பிறப்புக் கிரமம்

நரம்பணுக்களின் பிறப்புக் கிரமம் என்பது, கருவில் மூளை உருவாகும் காலத்தில் ஒரு நரம்பணு எந்தச் சமயத்தில் பிறக்கிறதோ அந்தச் சமயத்துக்கும், பிற்காலத்தில் அது வகிக்கும் இடம், கொள்ளும் வடிவம், செய்யும் தொழில் ஆகியவற்றுக்கும் உள்ள சம்பந்தத்தைக் குறிக்கும். தாய்ச் செல் கடைசி முறையாகப் பிரியும் நாளே நரம்பணுவின் ஜன்ம தினமாகக் கொள்ளப்படுகிறது. அதன்பின் அது பிரிவதில்லை. மனிதனின் பெருமூளைப் புறணியில் உள்ள சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள் ஏறக்குறைய அவனோடு ஒத்த வயதினவே. இந்தக் கிரமத்தை விதிப்பவை ஜீன்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஓர் உடலின் செல்கள் அனைத்திலும் ஜீன்களின் தொகுதி ஒன்றேயாக இருக்க, அவற்றுள் எது எப்போது விழித்தெழும் என்பதைக் காலம் எவ்வாறு நிர்ணயிக்கிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இத்துறையின் சரித்திரம் பெரும்பாலும் அந்தக் கேள்வியின் சரித்திரமே.

லைப்சிக் நகரில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஹிஸ் 1880களில், மூளையாக மாறப்போகும் நரம்புக் குழாயின் உட்குழிவை ஒட்டியே செல்கள் பிரிவதைக் கண்டார். பிரியும் செல்கள் ஓர் இனம், தாங்கி நிற்கும் நீண்ட செல்கள் வேறோர் இனம் என்பது அவர் கொண்ட அபிப்பிராயம். 1935 இல் சாவர் என்பவர், இரண்டும் ஒரே செல்லின் இரு நிலைகளே என்றும், செல்லின் உட்கரு பிரியும் வேளையில் குழிவின் பக்கம் இறங்கி வந்து, பிரிந்தபின் மீண்டும் மேலேறுகிறது என்றும் விளக்கினார். இவர்கள் யாவரும், ஈடிணையற்ற கண்கள் வாய்த்திருந்த ஸ்பானிய மேதை ரமோன் இ காஹால் உட்பட, உயிரற்ற திசுவின் மெல்லிய சீவல்களைக் கொண்டே உயிருள்ள இயக்கத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. இன்ன நரம்பணு இன்ன நாளில் பிறந்தது என்று சுட்டிக் காட்டும் உபாயம் அவர்களிடம் இல்லை.

அந்த உபாயம் அணு யுகத்தோடு வந்தது. செல் பிரியுமுன் தன் டி.என்.ஏ.யை இரட்டிக்க வேண்டும். அதற்குத் தைமிடின் என்னும் பொருள் தேவை. கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனாகிய டிரிட்டியத்தைத் தைமிடினில் ஏற்றிக் கருவுற்ற சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், அந்த வேளையில் டி.என்.ஏ.யை இரட்டித்துக்கொண்டிருக்கும் செல்கள் மட்டுமே அதை ஏற்கும். தொடர்ந்து பிரியும் செல்லில் இந்த அடையாளம் தலைமுறைக்குத் தலைமுறை பாதி பாதியாகக் கரைந்து போகும். அந்தச் சுற்றோடு பிரிவை நிறுத்திக்கொண்ட செல்லிலோ அது ஆயுள் முழுதும் நிலைக்கும். குட்டி பிறந்து வளர்ந்த பின் அதன் மூளைச் சீவல்கள்மீது புகைப்படப் பூச்சைத் தடவி வாரக்கணக்கில் இருட்டில் வைத்தால், கதிர் பட்ட இடங்களில் வெள்ளியின் நுண்துகள்கள் கறுத்துத் தெரியும். அத்துகள்கள் அடர்ந்த உட்கருக்கள் யாவும் ஊசி போட்ட நாளில் பிறந்தவை. ஹார்வர்டைச் சேர்ந்த ஆஞ்சவைனும் சிட்மனும் இம்முறையால் 1961 இல் கண்டறிந்த உண்மை எவரும் எதிர்பாராதது. பந்தியில் பிந்தி வந்தவர் முன்னமே அமர்ந்தவர்களைத் தாண்டி அப்பால் போய் உட்காருவதுபோல, புறணியில் முதலில் பிறந்த நரம்பணுக்கள் ஆழத்து அடுக்குகளில் தங்க, பின்னர் பிறந்தவை அவற்றினூடே புகுந்து மேலடுக்குகளை அடைகின்றன.

இவ்வளவு தூரம் அவை வழிதவறாமல் ஏறுவது எங்ஙனம் என்பதைப் பாஸ்கோ ராக்கிச், குரங்குக் கருக்களின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து 1972 இல் காட்டினார். உட்குழிவிலிருந்து மூளையின் மேற்பரப்பு வரை ஆரமாக நீளும் இழைகளைப் பற்றிக்கொண்டே இளம் நரம்பணுக்கள் மேலே செல்கின்றன. சுண்டெலியில் ஏறத்தாழ 6 நாளில், 11 சுற்றுப் பிரிவுகளில் முடிந்துவிடும் புறணி நரம்பணுக்களின் பிறப்பு, குரங்கில் சுமார் 2 மாதமும் மனிதனில் 100 நாளுக்கு மேலும் நீடிக்கிறது.

இக்காலத்தில் நேரும் இடையூறு எத்தகைய விளைவைத் தரும் என்பதை, எந்த விஞ்ஞானியும் செய்யத் துணியாத ஒரு கொடுமையிலிருந்து உலகம் அறிந்துகொண்டது. 1945 இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்தபோது தாயின் கர்ப்பத்தில் இருந்த சிசுக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒட்டாகேயும் ஷல்லும், 1984 இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான மனவளர்ச்சிக் குறைவு பெரும்பாலும் கருவின் 8 முதல் 15 ஆம் வாரத்துக்குள் கதிர்வீச்சுக்கு உட்பட்டோரிடமே தோன்றியது என்றும், 16 முதல் 25 ஆம் வாரத்தில் உட்பட்டோரிடம் அது குறைந்தும், 8 ஆம் வாரத்துக்கு முந்தியோரிடம் காணப்படாமலும் இருந்தது என்றும் தெரிவித்தனர். புறணியின் நரம்பணுக்கள் பிறந்து, திரள் திரளாக மேலேறும் வாரங்கள் அவை.

ஜீன்களின் பங்கை முதலில் வெளிக்காட்டியது தள்ளாடி நடந்த ஒரு சுண்டெலி. எடின்பரோவில் ஃபால்கனர் 1951 இல் வர்ணித்த 'ரீலர்' என்னும் இவ்வகை எலிகளில் புறணியின் அடுக்குகள் ஏறக்குறைய தலைகீழாகக் கிடந்தன; பின்னர் பிறந்தவை முந்தியவற்றைக் கடக்க மாட்டாமல் அடியிலேயே தேங்கிவிட்டன. மூளையின் மேற்பரப்பை ஒட்டிய செல்கள் சுரக்கும் ரீலின் என்னும் புரதத்தின் ஜீன் கெட்டிருப்பதே இதற்குக் காரணம் என்று 1995 இல்தான் தெரியவந்தது. ஆயினும் இந்த எலியின் பெரும் பாடம் வேறு. கேவினஸும் சிட்மனும் 1973 இல் காட்டியபடி, இடம் அத்தனை புரண்டும், ஒவ்வொரு நரம்பணுவும் தனக்குரிய நாளிலேயே பிறந்து தனக்குரிய வகையாகவே முதிர்ந்திருந்தது. அதன் தன்மையை நிர்ணயித்தது பிறந்த வேளையே அன்றிச் சென்று சேர்ந்த இடம் அன்று. மனிதரிடத்தும் இதற்கு நிகரான கோளாறுகள் உண்டு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டபிள்கார்ட்டின் ஜீன் கெட்ட ஆண் சிசுவுக்கு மூளை மடிப்புகளின்றி வழுவழுப்பாக அமைகிறது. இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ள பெண்ணிடத்தோ, நல்ல ஜீன் இயங்கும் செல்கள் மேலே போய்ச் சேர, மற்றவை பாதி வழியில் நின்று, புறணிக்கு அடியில் மற்றொரு புறணிபோலப் படிகின்றன.

அந்த வேளை செல்லின் உள்ளிருந்து விதிக்கப்படுகிறதா, அயலாரின் தூண்டுதலால் விதிக்கப்படுகிறதா? இதைச் சோதிக்க ஸ்டான்ஃபோர்டில் சூசன் மக்கானல் தேர்ந்தெடுத்தது, கீரியைப் போன்ற தோற்றமுடைய ஃபெரெட் என்னும் சிறு பிராணியை. அதன் குட்டி பிறந்த பிறகும் புறணியின் மேலடுக்குகள் உருவாகிக்கொண்டிருப்பதால் அது ஆராய்ச்சிக்கு வெகு சௌகரியமானது. ஆழத்து அடுக்குக்குரிய நரம்பணுக்களைப் பெறவிருந்த இளங்கருவின் தாய்ச் செல்களை எடுத்து, மேலடுக்கு உருவாகும் பருவத்திலுள்ள குட்டியின் மூளையில் பதித்தார். டி.என்.ஏ.யை இரட்டிக்கும் தருணத்திலேயே எடுத்துப் பதித்த செல்களின் சந்ததி புதிய சூழலுக்கு இணங்கி மேலடுக்குக்குச் சென்றது; தம் அயலாரோடு சில மணி நேரம் விட்டுவைத்து, இரட்டித்து முடிந்தபின் பதித்தவற்றின் சந்ததியோ பழைய விதிப்படி ஆழத்திலேயே அமர்ந்தது. இது 1991 இல் வெளியாயிற்று. கேள்விக்கு விடை இரண்டும் உண்மை என்பதே: அயலாரின் சொல் செல்லுக்குக் கேட்கிறது, ஆனால் ஒரு குறித்த சில மணி நேரத்துக்கு மட்டும். முதிர்ந்த கருவின் தாய்ச் செல்லைப் பின்னோக்கி இளங்கருவில் பதித்தபோது அது இளமைக்குத் திரும்பவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது.

உள்ளிருக்கும் அந்தக் கடிகாரத்தின் பற்சக்கரங்களைத் தெளிவாகக் கண்டது பழ ஈயில்தான். ஆரிகான் சர்வகலாசாலையில் கிறிஸ் டோவின் குழுவினர் 2001 இல், ஈயின் நரம்புத் தாய்ச் செல் தன் வாழ்நாளில் ஹஞ்ச்பேக், க்ருப்பெல், பி.டி.எம்., காஸ்டர் என்னும் ஜீன்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குகிறது என்றும், அந்தந்த வேளையில் பிறக்கும் மகவு அந்தந்த ஜீனின் முத்திரையைத் தாங்கிச் செல்கிறது என்றும் நிறுவினர். ஹஞ்ச்பேக்கை நீக்கினால் முதற்பிறவிக்குரிய நரம்பணு தோன்றுவதில்லை; அதை ஓயாமல் இயக்கினால் அவ்வகையே மேலும் மேலும் பிறக்கிறது. ஹஞ்ச்பேக்கும் க்ருப்பெலும் ஈயின் உடலைக் கண்டங்களாகப் பகுப்பவை என்று முன்னமே அறியப்பட்டவை. ஒருமுறை இடத்தைப் பகுக்கப் பயன்பட்ட கருவியையே இயற்கை மறுமுறை காலத்தைப் பகுக்கவும் கையாண்டிருக்கிறது. ஹஞ்ச்பேக்கின் உறவான ஐகாரோஸ் என்னும் ஜீன் சுண்டெலியின் விழித்திரையில் இதை ஒத்த தொழிலைச் செய்வதாக 2008 இல் அறியப்பட்டது.

வரிசை ஜீன்களுடையது என்றால் வேகம் யாருடையது என்பதே இன்று முன்நிற்கும் விஷயம். பிரஸ்ஸல்ஸில் வாண்டர்ஹேகனின் குழுவினர் மனித நரம்பணுக்களைச் சுண்டெலிக் குட்டியின் மூளையில் பதித்து 2013 இல் கண்டபடி, எலியின் செல்கள் வாரக்கணக்கில் முதிரும் அதே இடத்தில் மனிதச் செல்கள் தம் வழக்கப்படி மாதக்கணக்கில் நிதானமாகவே முதிர்ந்தன; ஆகவே வேகம் சூழலுடையது அன்று. அப்படியானால் அது ஜீனிலேயே எழுதப்பட்டிருக்குமோ என்றால், 2020 இல் லண்டனில் நடந்த பரிசோதனையில், எலியின் செல்லில் வைக்கப்பட்ட மனித ஜீன் ஒன்று எலியின் வேகத்திலேயே இயங்கிற்று. இயக்க நரம்பணுக்கள் உருவாவதில் மனிதச் செல் சுமார் இரண்டரை மடங்கு மந்தமாக நடப்பதும், அதில் புரதங்கள் நீண்ட நேரம் சிதையாமல் நிற்பதும் ஒன்றோடொன்று பொருந்துவனவாக அப்போது காணப்பட்டன. 2023 இல் வாண்டர்ஹேகனின் குழுவினரே, செல்லின் உலைக்களமாகிய மைட்டோகாண்டிரியாவின் வேலையைத் தூண்டிவிட்டபோது, மனிதப் புறணியின் நரம்பணுக்கள் தமக்குரிய காலத்துக்குப் பல வாரங்கள் முன்னதாகவே முதிர்ச்சியின் லட்சணங்களைக் காட்டின.