நன்னூல் காட்டும் கற்றல் முறையும் திண்ணைப் பள்ளியும்

13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் நன்னூலின் பொதுப்பாயிரம் பாடங்கேட்கும் முறையையும் வகுத்துரைக்கின்றது. கேட்டதை நினைத்தல், உடன்பயில்வோரொடு கலந்து பயிலல், வினாவல், விடையளித்தல் எனப் பவணந்தியார் கூறுவன வெறும் நெட்டுரு அல்ல. மறதியின் போக்கை 1885இல் அளந்து காட்டிய செருமானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனனம் செய்து ஆராய்ந்தார். நன்னூலாரோ பொருளறிந்து மீள நினைத்தலைப் பேசுகின்றார். இவ்வேறுபாடு சிறிதன்று.

இதனினும் கருதத்தக்கது பாடஞ்சொல்லத் தகாதார் வரிசை. துயில்வோர், மடியுடையோர் ஆகியோருடன் தணியாச் சினமுடையோரும், பழைய நூல்களுக்கு அஞ்சித் தடுமாறுவோரும் அதில் இடம்பெறுகின்றனர். கவனக்குறைவைப் போன்றே உணர்ச்சிக் கலக்கமும் கல்விக்குத் தடை என்பது இதனாற் பெறப்படும். மிகு அச்சம் அச்சமூட்டிய நிகழ்வை ஆழப் பதித்து, கற்ற பாடத்தை நினைவுகூர்வதைக் குலைக்கும் என்று இன்றைய மூளையியலும் கூறுகின்றது. ஆசிரியன் விரையாது, வெகுளாது, முகமலர்ந்து, கொள்வோன் நிலையறிந்து உரைக்கவேண்டும் என்பதும் நன்னூலார் கருத்தே.

19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் மனனம் நிலைத்தது, முகமலர்ச்சி நிலைக்கவில்லை. அங்குப் பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் வழங்கின. அக்கல்வியின் குறையை மனப்பாடத்தின்மேல் மட்டும் ஏற்றியோர் இதனைப் போதிய அளவு நோக்கினாரல்லர். பள்ளிக்கு வாராது ஒளிந்த சிறுவனைச் சட்டாம்பிள்ளை தேடிப் பிடித்துவந்தது பாடம் கடினமாயிருந்தமையால் மட்டுமன்று.