பூப்பும் விவாகமும்: திருமுனைப்பாடி நாட்டுப் பெண்களின் பிராய வரலாறு

கெடில நதிக்கரையில் திருவதிகை வீரட்டானத்தை அலகிட்டும் மெழுகிட்டும் தொண்டு புரிந்த திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசியபோது அவ்வம்மையாருக்கு வயது பன்னிரண்டு என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் குறித்தார். கண்ணகியின் மணப்பிராயமும் சிலப்பதிகாரத்தில் அதே பன்னிரண்டுதான். பாட்டியல் நூலார் மங்கைப் பருவத்தைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நிறுத்தியதையும் உடன்வைத்து நோக்கினால், இந்த இலக்கம் பூப்பின் எல்லையாகத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலம் கருதிவந்த ஒன்று எனக் கொள்ளலாம். காவியத்தை மருத்துவப் பதிவேடாக வாசிப்பது பிழை. ஆனால் பழம்பதிவு வேறில்லாத இடத்தில் அதை முற்றிலும் புறக்கணிப்பதும் விவேகமாகாது.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது வேறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நார்வே நாட்டுப் பெண்கள் ஏறக்குறையப் பதினேழு வயதில் ருதுவாயினர். ஒரு நூற்றாண்டுக்குள், ஊட்டமான உணவும் நோய்க்குறைவும் சேர்ந்து அப்பிராயத்தைப் பதின்மூன்றுக்கு இறக்கிவிட்டன. இந்தியாவிலோ சராசரி இன்றும் பதின்மூன்றைச் சற்றுத் தாண்டியே நிற்கிறது. சென்ற சில தலைமுறைகளில் ஏற்பட்ட இறக்கம் சில மாதங்களே. ஆகவே நம் நாட்டில் சரித்திரம் பெரிதும் நகர்த்தியது பூப்பை அன்று, பூப்புக்கும் முதற்பேற்றுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளையே.

அந்த ஆண்டுகளின் தொடக்கத்தைத் தமிழ்க் குடும்பங்கள் மறப்பதில்லை. பெண் வயதுக்கு வந்தாளென்றால் தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றால் குடிசை கட்டுவதும், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுப்பதும், தீட்டுக் கழிந்ததும் மஞ்சள் நீராட்டிச் சீர்வரிசை வைப்பதும் உறவினர் அனைவரும் அறிய நடப்பவை. பிற்காலத்தில் அழைப்பிதழும் அச்சாயிற்று. இச்சடங்கைக் கண்டிப்போர் சொல்லும் நியாயம் வலுவானதே. எனினும், மேனாடுகளில் முதிய பெண்களின் மங்கிய நினைவை நம்பவேண்டிய ஆய்வாளனுக்கு, இங்கே ஊரே சாட்சி சொல்லும் வசதி உண்டு.

திருமுனைப்பாடிப் பகுதியின் உழவர் குடிகளில் பூப்புக்குப் பின்னரே விவாகம் என்பது பெருவழக்கு. பூப்புக்கு முன் மணம் பிராமணர் முதலிய சிலரிடமே வேரூன்றியிருந்தது. சிதம்பரத்துத் தீட்சிதர்களிடையே மணமான ஆடவருக்கே கோயிற் பூஜை உரிமை என்னும் மரபு நிலவியதால், இளமை மணத்துக்குச் சாஸ்திரத்தோடு ஜீவனோபாயமும் காரணமாயிற்று. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதலுக்குரிய சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கியது. 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது. சென்னைச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் இதற்காகப் பேசியதை நாடறியும். சட்டத்துக்கு அஞ்சியவர்கள் சிலருக்கோ, கடலூருக்கு வடக்கே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி அடைக்கலமாயிற்று! மணவயது 1949-இல் பதினைந்தாகவும் 1978-இல் பதினெட்டாகவும் உயர்ந்தது. சாரதா சட்டம் வந்த அதே 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. பெண்ணின் மணத்தைத் தள்ளிப்போட்டதில் சட்டத்தைவிடப் பள்ளியும் கல்லூரியுமே அதிகம் செய்தன என்பது என் துணிபு. எட்டாம் வகுப்பு வரை படித்துப் பதினெட்டு நிறைந்த பெண்ணுக்கே உதவி என்று 1989-இல் வகுக்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் இவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியது.

மணவயதின் உயர்வு மகப்பேற்றைத் தொட்டதற்கு வேறொரு நாட்டையும் ஒப்பிடலாம். அரபு நாடுகளில் துனிசியா 1956-இல் பெண்ணின் மணவயதைப் பதினைந்தாகவும் 1964-இல் பதினேழாகவும் வகுத்தது. 1960-களில் ஒரு தாய்க்கு ஏழாக இருந்த மகப்பேறு, நூற்றாண்டின் இறுதியில் இரண்டை நெருங்கியது. அங்கே அந்தச் சரிவில் தாமதமான விவாகத்துக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டில் மணம் தாமதமானதோடு மற்றொன்றும் சேர்ந்தது. 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் ஆணையரும் பின்னர்ச் சென்னை அரசின் தலைமைச் செயலருமான ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று குழந்தைகளைப் பெற்று அவற்றுள் ஒன்றேனும் உயிரோடிருக்க மேலும் பெறுவதைப் பொறுப்பற்ற தாய்மை என்றார்; அவர் ஊக்கத்தால் பரவிய கருத்தடை அறுவை, பின்னாளில் ஏறக்குறைய முழுதும் பெண்ணுடம்பின் மேலேயே விழுந்தது. இருபதை ஒட்டி மணம், உடனே இரண்டு பேறு, இருபத்தைந்தை ஒட்டி அறுவை என்பதே இங்கு வழக்கமாயிற்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மகப்பேற்று விகிதம் 1.8. பதின்மூன்றில் தொடங்கி நாற்பதைத் தாண்டியும் நீளும் கருவுறும் காலத்தில், பேற்றுக்கென்று தமிழ்நாட்டுப் பெண் செலவிடுவது ஐந்தாறு ஆண்டுகளே.