வாயில் மறுத்தலும் பின்தொடர்தல் குற்றமும்: பிணக்கிற்குப் பின் தொடர்பு கொள்ளுதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழகிய இருவரிடையே பிணக்கு நேர்ந்தபின் ஒருவர் மற்றவரை மீண்டும் நாடுதல் மனித இயல்பு. கடிதம் எழுதுதல், தொலைபேசியில் அழைத்தல், இருவருக்கும் பொதுவான நண்பரைத் தூது விடுதல் ஆகியன அந்நாட்டத்தின் வடிவங்களாகும். இவ்வியல்பான செயல் எவ்விடத்தில் குற்றமாகின்றது என்னும் வினாவிற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 2013ஆம் ஆண்டில்தான் நேரடியாக விடை பகர்ந்தது. அவ்விடை உருவான வரலாற்றையும், ஊடல் பற்றிய தமிழ் அகமரபு அதனைப் புரிந்துகொள்ள எந்த அளவிற்குத் துணைசெய்யும் என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிக்குற்றமாதற்கு முன்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பின்தொடர்தல் என்னும் பெயரில் தனிக்குற்றம் எதுவும் இடம்பெறவில்லை. பிரிவு 354 வன்செயலை வேண்டியது. பிரிவு 509 பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தை வேண்டியது. இழிசொல் கூறாமலும் கை தீண்டாமலும் ஒருத்தியை நாள்தோறும் நாடி வருபவனின் செயல் இவ்விரண்டிற்குள்ளும் எளிதில் அடங்கவில்லை.

இவ்விடைவெளியின் கொடுமையை 1996ஆம் ஆண்டில் தில்லியில் நிகழ்ந்த கொலை புலப்படுத்தியது. கொல்லப்பட்ட சட்டக் கல்லூரி மாணவி, தம்மை ஒருவன் தொடர்ந்து தொல்லைப்படுத்துவதாகக் காவல்துறையிடம் பலமுறை முறையிட்டிருந்தார். 1999இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவனை விடுவித்தது. 2006இல் தில்லி உயர்நீதிமன்றம் அவனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. சென்னையில் 1998இல் கல்லூரி மாணவி ஒருவர் கேலிக்கு ஆளாகி இறந்ததையடுத்துத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே தனிச்சட்டம் இயற்றியது. அச்சட்டமும் பொதுவிடத் தொல்லையையே முதன்மையாகக் கருதியது. முன்பு அறிமுகமானவர், முன்பு அன்பிற்குரியவராக இருந்தவர் ஆகியோரின் இடைவிடாத தொடர்பைப் பற்றி அது தனியே பேசவில்லை.

அவசரச் சட்டமும் திருத்தச் சட்டமும்

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டு வன்புணர்ச்சிக் கொடுமைக்குப்பின் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, 2013 ஜனவரி 23இல் தன் அறிக்கையை அளித்தது. பிப்ரவரி 3இல் அவசரச் சட்டம் வெளிவந்தது. அது பின்தொடர்பவரையும் பின்தொடரப்படுபவரையும் பால் வேறுபாடின்றிக் குறித்தது. பின்னர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டமோ ஆண் பெண்ணுக்கு இழைக்கும் குற்றமாக அதனை வரையறுத்தது. மக்களவை விவாதத்தில், பெண்களைப் பின்தொடர்தல் காதலின் இயல்பான தொடக்கமே என்னும் கருத்தும் எழுந்தது. முதன்முறைக் குற்றம் பிணையில் விடத்தக்கதாயிற்று.

இவ்வாறு உருவான பிரிவு 354டி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 78ஆக நடைமுறையில் உள்ளது. முதன்முறைக் குற்றத்திற்கு 3 ஆண்டுகள் வரையும், மீண்டும் இழைத்தால் 5 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை உண்டு.

குற்றத்தின் கூறுகள்

தொடர்பு கொள்ளுதல் குற்றமாவதற்கு மூன்று கூறுகள் ஒருங்கே அமைதல் வேண்டும். தனிப்பட்ட உறவாடலை வளர்க்கும் நோக்கம் முதலாவது. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாக உணர்த்தியிருத்தல் இரண்டாவது. அதன் பின்னும் மீண்டும் மீண்டும் முயலுதல் மூன்றாவது. ஆகவே, பிணக்கிற்குப்பின் எழுதப்படும் ஒரு மன்னிப்புக் கடிதம் குற்றமாகாது. குழந்தை வளர்ப்பு, கொடுக்கல் வாங்கல் போன்றவை குறித்த நியாயமான தொடர்பும் வேறானது. சூழலுக்கேற்ற நியாயமான செயல்களுக்குச் சட்டமே விலக்களிக்கிறது. ஆனால், 'இனித் தொடர்பு வேண்டா' என்று அவள் கூறிய பின்னர் வேறு எண்களிலிருந்து அழைப்பவன், முன்னைய அன்பைச் சான்றாகக் காட்டித் தப்பவியலாது. அவளது இணையப் பயன்பாட்டைக் கண்காணித்தல் தொடர்பு ஏதும் கொள்ளாவிடினும் குற்றமேயாகும்.

இங்கு உறவின் பழமையோ, நாடுபவனின் நல்லெண்ணமோ அளவுகோல் ஆகவில்லை; நாடப்படுபவளின் மறுப்பே அளவுகோல் என்பது கருதத்தக்கது.

அகமரபின் துணையும் எல்லையும்

இவ்வளவுகோலைத் தமிழ் அகமரபோடு ஒப்பிடலாம். மருதத்திணையின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவன், பாணன், விறலி, கூத்தர், இளையர் முதலியோரை வாயிலாக விடுக்கின்றான். தொல்காப்பியக் கற்பியல் பன்னிரு வாயில்களைத் தொகுத்துரைக்கின்றது. வாயில் நேர்தலோடு வாயில் மறுத்தலும் துறையாக அமைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. சமாதானம் நாடி வருவோரைத் திருப்பியனுப்பும் உரிமை தலைவிக்கும் தோழிக்கும் இலக்கணத்திலேயே இடம்பெற்றுவிட்டது எனலாம். மடலேறுதலைப் பெருந்திணையுள் வைத்தமையும், வற்புறுத்தும் காமத்தை அன்பின் ஐந்திணையினின்று பிரித்தறிந்த நுட்பத்தைக் காட்டுகின்றது.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. அகமரபில் ஊடல் கற்பு வாழ்க்கைக்குள் நிகழ்வது, கூடலை நோக்கியது. திருக்குறளும் ஊடலுவகையில் நிறைவுறுகின்றது. எனவே அங்கு மறுப்பு உறவின் ஒரு நிலையேயன்றி முடிவன்று. இன்றைய சட்டம் கருதும் பெண்ணோ உறவினின்று முற்றாக விலகும் உரிமை உடையவள். அவளது மறுப்பை ஊடல் எனப் பொருள்கொள்வது, புனைவின் மரபை வாழ்க்கையின்மீது ஏற்றுவதாகும். ஊடலா பிரிவா என்பதைத் தீர்மானிப்பவன் நாடுபவன் அல்லன்.

முடிவுரை

பிணக்கிற்குப்பின் தொடர்பு கொள்ளுதல் தன்னளவில் குற்றமன்று; தெளிவான மறுப்பைக் கடந்து தொடர்தலே குற்றம். ஆண்களுக்கிடையிலோ பெண்களுக்கிடையிலோ நட்பு முறிந்தபின் நிகழும் இத்தகைய தொல்லையை இப்பிரிவு தொடவில்லை என்பது அதன் குறையாகும். வாயில் மறுத்தலைத் துறையாக்கிய மரபு, மறுப்பைக் கேட்கும் பண்பைக் கற்பிக்கின்றது. ஆயின் மறுப்பு இறுதியானதாகவும் இருக்கக்கூடும் என்பதை அம்மரபிற்கு வெளியே நின்றுதான் உணர வேண்டியுள்ளது. அகப்பாடல்களை வகுப்பறையில் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் இன்றியமையாதது.