பாலுக்கு ஆகுமா?

நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சாமான் வேண்டும் என்று சொன்னால், கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை. பிறந்து எத்தனை நாள், தலைப்பிள்ளையா, சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று இரண்டு மூன்று கேள்விகள் கேட்பார். பதில் வருவதற்குள் கை டப்பாக்களைத் திறக்கத் தொடங்கிவிடும். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை, வால்மிளகு, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும். வீட்டில் அவற்றை வறுத்து இடித்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்து, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, எண்ணெய் பிரிந்து வரும்வரை கிண்டினால் லேகியம் தயார். சுண்டைக்காய் அளவில் தொடங்கி நெல்லிக்காய் அளவுவரை நாளுக்கு நாள் உருண்டை பெரிதாகும். யாழ்ப்பாணத்தில் சுக்கின் பெயர் வேர்க்கொம்பு, பொடியின் பெயர் காயம். அங்கே அது பத்தியக் கறியோடு சோற்றில் சேரும். மயிலாப்பூர் டப்பா செட்டி கடை முதல் கிராமத்துச் சந்தைவரை இந்தப் பொட்டலம் தலைமுறைகளாகக் கைமாறி வருகிறது. இப்போது அதனிடம் ஒரு புதுக் கேள்வி வந்து நிற்கிறது. பால் கொடுக்கும்போதே மாதவிடாய் திரும்பிவிட்டது, வயிற்றைப் பிசைகிறது, மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஆகாதோ என்று பயம். பாட்டி வைத்தியத்தில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் பாட்டியிடம் இருந்ததில்லை என்பதே என் வாதம். அவளிடம் இருந்தது வேறொரு வலிக்கான மருந்து. அதில் எது இங்கே பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்க, அந்த வழக்கத்தின் வரலாறு உதவும்.

பொட்டலம் குறி வைத்தது பேறுகாலத்துக்குப் பிந்தைய வயிற்றுவலியை. குழந்தை வெளிவந்ததும் கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சுருக்கமே வலி. பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் அது கூடும், இரண்டாம் பிள்ளைக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் இன்னும் உறைக்கும். பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குகிறது என்று ஹென்றி டேல் 1906-இல் கண்டார். அந்தச் சாற்றில் இருக்கும் ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோனின் கட்டமைப்பை 1953-இல் வின்சென்ட் டு விக்னோ வெளிப்படுத்தினார். பால் இறங்கவும் கருப்பை சுருங்கவும் ஒரே ஹார்மோன்தான் காரணம் என்பது அறிவியலுக்குத் தெளிவானது அப்படித்தான். ஆனால் பால் கொடுக்கும்போது வயிறு இழுக்கிறது என்பதை அறிய மருத்துவச்சிக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. அதனால்தான் அவள் மருந்து ‘அழுக்கு’ வெளியேறுவது, வாயு கலைவது, பால் ஊறுவது என்ற மூன்றையும் ஒரே உருண்டைக்குள் கட்டியது. தாய் தின்பது பிள்ளைக்குப் போகும் என்ற நினைப்பு அதன் அடிநாதம். தாயின் லேகியத்தில் இருக்கும் சதகுப்பையின் எண்ணெயை வைத்துத்தான் 1851-இல் இங்கிலாந்தின் வில்லியம் உட்வர்ட் குழந்தைகளுக்கான கிரைப் வாட்டரை உருவாக்கினார். அது நம் வீட்டு அலமாரிகளிலும் பிறகு இடம்பிடித்தது.

பாலூட்டும் பெண்ணின் மாதவிடாய் வலி அந்தப் பட்டியலில் ஏன் இல்லை? முதல் காரணம் கோட்பாடு. ஆயுர்வேதம் தாய்ப்பாலையும் மாதக் குருதியையும் ‘ரசம்’ என்ற ஒரே தாதுவின் இரு கிளைகளாகக் கருதியது. கிரேக்க மருத்துவர்களும் ஏறத்தாழ இப்படியே நம்பினார்கள்: கருப்பைக்குப் போக வேண்டிய குருதி மேலேறிப் பாலாகிறது. இந்தப் பார்வையில் இரண்டும் ஒரே நேரத்தில் பெருகுவது இயல்புக்கு மாறான செய்தி. கோட்பாடு தவறு, பாலூட்டும்போது மாதவிடாய் வருவதால் பால் கெட்டுப்போவதில்லை. ஆனால் அந்தத் தவறு வெறும் கற்பனையில் முளைத்ததன்று. பால் கொடுக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு மாதங்கணக்கில் விலக்கு வராததைக் கண்ணால் கண்டவர்கள் கட்டிய விளக்கம் அது.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. இத்தாலியின் பெல்லாஜியோவில் 1988-இல் கூடிய வல்லுநர்கள், குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால், முதல் ஆறு மாதம் கருத்தரிக்காமல் இருக்க 98 சதவீத வாய்ப்பு உண்டு என்று முடிவுரைத்தார்கள். பால் உறிஞ்சுவது கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. இரவும் பகலும் கேட்டபோதெல்லாம் பால் கிடைத்த பிள்ளை தாயின் சுழற்சியை ஓராண்டோ அதற்கு மேலோ தள்ளிப்போடும். மாலி நாட்டு டோகோன் மக்களிடையே பெவர்லி ஸ்ட்ராஸ்மன் இதை எண்ணியே பார்த்தார். நம் மதுரைப் பக்கத்துச் சில கிராமங்களின் ‘முட்டு வீடு’ போல அங்கும் விலக்குக் குடிசைகள் உண்டு. யார் எப்போது அங்கே தங்குகிறார்கள் என்று ஈராண்டு காலம் இரவுக்கிரவு குறித்து, சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டார். கருத்தடை இல்லாமல், பல பிள்ளை பெற்று, நெடுநாள் பாலூட்டிய அந்தப் பெண்களுக்கு ஆயுள் முழுதும் வந்த மாதவிடாய் சுமார் 100. இன்றைய நகரப் பெண்ணுக்கு அது 400-ஐத் தொடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். வேலைக்குத் திரும்பும் தாய், இடையில் புட்டிப்பால், இரவில் தூங்கும் குழந்தை என்று உறிஞ்சும் இடைவெளி நீண்டதும் சுழற்சி சீக்கிரம் திரும்புகிறது. பாலும் விலக்கும் ஒரே மடியில் சேர்வது முன்பும் நடந்ததுதான். அது அன்றாடச் செய்தியானதோ அண்மையில்தான்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். வலி இருந்திருக்கும், சொல்லத்தான் இடமில்லாமல் போயிருக்கும் என்று. இது பாதிக்குமேல் நியாயம். சென்னையில் மகப்பேறு மருத்துவமனை வந்தது 1844-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் நுழைந்தது 1875-இல். இடைப்பட்ட 31 ஆண்டுகள், ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசியே பெண்கள் பலர் வாசலோடு நின்றார்கள். சுதேச மருத்துவத்தை ஆராய 1921-இல் அமைந்த உஸ்மான் குழு கேள்விப் பட்டியல் அனுப்பி வைத்தியர்களிடம் பதில் வாங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சி அதில் வாய் திறக்க வழியில்லை. ஆகவே ஏட்டில் இல்லாததால் வலியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என் வாதத்தை இந்த மௌனம் முறிக்கவில்லை. மருந்துப் பொட்டலம் ஏடு எழுதியவர்களின் கைவேலை இல்லை; பெண்கள் பெண்களுக்காகக் கட்டியது. பேறுகாலத்துக்கு நாள் கணக்கு, அளவு, பத்தியம் என்று அவ்வளவு நுணுக்கம் பார்த்தவர்கள், பாலூட்டும்போது வரும் விலக்கு வலிக்கென்று தனிப் பொட்டலம் கட்டவில்லை. அது அடிக்கடி வரும் தொல்லையாக இருந்திருந்தால் கட்டியிருப்பார்கள்.

மாதவிடாய்க்கென்று மரபில் இருந்த மருந்துகளை எடுத்துப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அவற்றில் பெரும்பங்கு ‘சூதகக் கட்டு’க்கு, அதாவது வராத விலக்கை வரவழைக்க. எள்ளும் கருப்பட்டியும், கருஞ்சீரகம், கரியபோளம் எல்லாம் அந்த வரிசை. கரியபோளம் என்பது கற்றாழைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி இறுக்கிய கருங்கட்டி. உடைத்தால் கண்ணாடிச் சில்லுபோல் மினுங்கும். நாக்கில் பட்டால் அரைநாள் கசக்கும். கடுமையான பேதி மருந்து. இதே கட்டியைக் குழைத்து மார்க்காம்பில் தடவித்தான் பிள்ளையின் பால்குடியை மறக்கடிப்பார்கள். மலையாளத்தில் இதற்குச் சென்னிநாயகம் என்று பெயர். விலக்கை வரவழைக்க ஒரு டப்பாவில், பாலை நிறுத்த அதே டப்பாவில். பாலூட்டுபவளின் மாத வலிக்குக் ‘கற்றாழை இயற்கைதானே’ என்று இன்று சிபாரிசு செய்பவர்கள், அந்த டப்பா பாலுக்கு எதிர்ப்பக்கம் வைக்கப்பட்டிருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் பழைய பொட்டலத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையா? உண்டு, இரண்டு வலிகளுக்கும் கருப்பையின் சுருக்கம் பொது என்பதால். முதலாவது சூடு. பேறுகால வெந்நீர்க் குளியலும், வறுத்த உப்பையோ தவிட்டையோ துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும் மருந்தாகக்கூட எண்ணப்பட்டதில்லை, பணிவிடைக் கணக்கில் போயின. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடிவயிற்றில் 38.9 டிகிரி செல்சியஸில் நாளுக்கு 12 மணி நேரம் வைத்த வெப்பப் பட்டை, 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனுக்கு ஈடாக வலியைக் குறைத்ததைக் காட்டியது. சூடு பாலில் கலக்காது. தோல் பொசுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்தது சுக்கு. 2009-இல் ஈரானில் 150 மாணவிகளுக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு முறை 250 மில்லிகிராம் இஞ்சிப் பொடியோ, மெஃபெனமிக் அமிலமோ, ஐபுப்ரோஃபெனோ கொடுத்துப் பார்த்தபோது மூன்றின் பலனும் ஒத்திருந்தது. அது பாலூட்டும் தாய்மாருக்கென்று அமைந்த ஆய்வில்லை. ஆனால் சமையலில் புழங்கும் அளவிலான சுக்கு, பேறுகால உணவில் நெடுங்காலம் இருந்து வந்த பொருள். இவை இரண்டுமே லேகியத்தின் பெருமைக்குரிய அரிய சரக்குகள் இல்லை, மிகச் சாதாரணமானவை.

‘செடிகொடிதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் வராது’ என்பது அடுத்த மறுப்பு. இதை மறுக்க நம் மல்லிகையே போதும். பிள்ளையை இழந்த தாய்க்குப் பால் கட்டாமலிருக்க மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது தென்னாட்டு வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 60 பெண்களிடம் இதைச் சோதித்து 1988-இல் வெளியிட்டார்கள். பூக் கட்டியவர்களுக்கும் பால் வற்றியது, புரோமோகிரிப்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராக. பூவுக்கு அந்த வலிமை இருக்குமானால், விழுங்கும் வேருக்கும் விதைக்கும் இராதா? 1994-இல் இத்தாலியில் அதிமதுரம், சோம்பு வகைகள் சேர்ந்த மூலிகைத் தேநீரை நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்த இரு தாய்மாரின் பச்சிளங்குழந்தைகள் சோர்ந்து, துவண்டு, பால் குடிக்காமல் போனார்கள். தாய்மார் தேநீரை நிறுத்தியதும் தேறினார்கள். சாப்பிட்டபின் ஒரு சிட்டிகை சோம்பு மெல்வது வேறு, ‘இயற்கை’ என்ற தைரியத்தில் குடம் குடமாகக் குடிப்பது வேறு. சுண்டைக்காய் அளவில் தொடங்கச் சொன்ன பாட்டிக்கு இது தெரிந்தே இருந்தது.

மாத்திரை பாலைக் கெடுக்கும் என்ற பயத்துக்கும் இதே அளவுகோல்தான். மாதவிடாய் வலி மனப்பிரமை என்று மருத்துவர்களே ஒதுக்கிய காலம் உண்டு. மாதக் குருதியில் தசையைச் சுருக்கும் பொருள் இருப்பதை 1957-இல் பிக்கிள்ஸ் காட்டினார். அது புரோஸ்டாகிளாண்டின் என்று தெளிந்தது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் நிறுவினார். அவற்றுள் ஐபுப்ரோஃபென் பாலில் சேர்வது மிகமிகக் குறைவு. ஆறு மாதக் குழந்தைக்குக் காய்ச்சலில் நேரடியாகக் கொடுக்கும் அளவோடு பார்த்தால் ஒரு துளி. பாராசிட்டமாலும் அப்படியே. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டே எடுக்க வேண்டும். பாலூட்டுபவர் வலிக்கு ஆஸ்பிரினைத் தவிர்ப்பது நலம். சீட்டில்லாமல் வாங்கிப் பழகிய மெஃபெனமிக் அமிலம் பற்றி 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் கடும் ஒவ்வாமை எச்சரிக்கை விடுத்தது. ஆக, மாத்திரையா மூலிகையா என்று கட்சி கட்டுவதில் பயனில்லை. இரண்டிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது பாலுக்கு ஆகுமா, எவ்வளவு ஆகும்?

கடைசி மறுப்பு, இந்த வழக்கத்தைப் புகழவே கூடாது என்பது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை மறுத்ததும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைத்ததும், தீட்டென்று மூலையில் ஒதுக்கியதும் இதே வழக்கம்தான். லேகியமும் ஓய்வும் எல்லாருக்கும் கிடைக்கவும் இல்லை. வயலிலும் ஆலையிலும் உழைத்தவள் சில நாளில் வேலைக்குத் திரும்பினாள்; ஆலைப் பெண்ணுக்காவது சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று சட்டம் சொல்ல, பம்பாயில் 1929-உம் சென்னை மாகாணத்தில் 1934-உம் ஆயின. அதனால் மரபை மொத்தமாகத் தோளில் ஏற்ற நான் சொல்லவில்லை. ஒத்தடத்தையும் சுக்கையும் எடுத்துக்கொண்டு, கரியபோளத்தை டப்பாவிலேயே விட்டுவிடலாம். வலியோடு காய்ச்சல், மிகுந்த உதிரப்போக்கு, விலக்கில்லாத நாளிலும் வலி என்றால் ஒத்தடத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம்: தராசைத் தொடுமுன் கடைக்காரர் கேட்ட கேள்விகளை. இப்போது லேகியம் மூடி முத்திரையிட்ட புட்டியில் வருகிறது. ‘இயற்கை வலி நிவாரணி’ப் பொடி கூரியரில் வீடு தேடி வருகிறது. சேர்மானமும் காலாவதித் தேதியும் மேலே அச்சாகியிருக்கின்றன. எந்த வலி, எத்தனை நாளாக, மடியில் பால் குடிக்கும் பிள்ளை உண்டா என்று கேட்கத்தான் அந்தப் பக்கம் ஆளில்லை. மூடியைத் திறக்குமுன் வாங்குகிறவளே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.